சாமான் அறையில் விரித்த பாய்

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை, காலை. இடம்: ஓசூர், பாகலூர் சாலையில் உள்ள ஒரு திருமண மண்டபம். மணமகன் இளம்பரிதி இவ்வூரில் பிறந்தவர். ஆக்லாந்தில் இயந்திரப் பொறியாளராகப் பணிபுரிகிறார். மணமகள் ஓஃபா தோங்கா தீவைச் சேர்ந்தவர். அதே நகரில் செவிலியர். முகூர்த்தத்திற்குச் சற்று முன், சமையற்கூடத்தை ஒட்டிய சாமான் அறையில், மணமகனின் தாய் காளியம்மாளும் அவருடைய நாத்தனார் சென்னம்மாவும் பேசியது கீழே தரப்பட்டுள்ளது. இடையில் வந்து போனவர் மணமகனின் தங்கை அனுப்ரியா.

— எந்திரிங்க மதினி. ஒண்ணும் கேக்காம எந்திரிங்க. அந்தப் பாயை நான் எடுத்துட்டுப் போவணும்.

— இதென்னா கூத்து காளியம்மா? காலையில நீதானே இதை விரிச்சு, ‘இங்க ஒக்காருங்க மதினி’ன்ன? ஒக்காந்த எடம் இன்னும் சூடாவல. அதுக்குள்ள எந்திரிக்கச் சொல்ற.

— வேற பாய் தாரேன். இல்லாட்டி நாற்காலி கொண்டாரச் சொல்லுதேன். மெத்தை வச்ச நாற்காலி.

— மெத்தை வச்சதா? அது மொத வரிசைக்காரங்களுக்கு இல்ல? வெங்காய மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவுல ஒக்காந்திருக்கறவளுக்கு மெத்தை நாற்காலி எதுக்கு? என்னமோ இருக்குது. சொல்லு.

— ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி ஓடியாந்த? வேர்த்து ஊத்துது பாரு.

— சமையல்காரரு இலை நறுக்கிப் போட ஒரு பாய் கேட்டாரு மதினி. அதான்.

— வெங்கடப்பனா? இதோ கதவுகிட்டதான் அண்டாவோட நிக்கறான். கேட்டுடறன். ஏம்பா, வெங்கடப்பா!

— ஐயோ, கத்தாதிய! சொல்லுதேன். கேட்டதும் எந்திரிச்சிரணும்.

— அதை நான் கேட்டப்புறம் சொல்றன்.

— இது மண்டபத்துப் பாய் இல்ல. நம்ம வீட்டுப் பாயும் இல்ல. பொண்ணு வீட்டுப் பாய்.

— இதுவா? இந்த ஒட்டுப் போட்ட பாயா? இதையா கடல் தாண்டி ஏரோப்ளேன்ல கொண்டாந்தாங்க?

— அவுக ஊர்ல பாய்தான் சீராம் மதினி. நம்ம பக்கம் பித்தளைப் பானை, வெள்ளிக் குத்துவிளக்குன்னு வரிசை வைப்போம்லா, அது மாதிரி அவுகளுக்குப் பாய். அனு முந்தியே சொன்னா. நானும் சரிதான்னு கேட்டுக்கிட்டேன். எங்க திருநெவேலிப் பக்கமும் கல்யாணத்துக்குப் பட்டுப்பாய் உண்டுமே. பத்தமடையில சொல்லி வச்சு, பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் போட்டு நெய்ஞ்சு வாங்குவோம். அப்படி ஒண்ணு பளபளன்னு வரும்னு நெனைச்சேன். நேத்து சாயங்காலம் அவுக மூட்டையைப் பிரிச்சுப் பாத்தா, இது. பழுப்பேறி, ஓரமெல்லாம் நைஞ்சு, கண்ட எடத்துல ஒட்டு.

— நீ ஏன் அவங்க மூட்டையைப் பிரிச்ச?

— ஆசைதான். பெத்த புள்ளைக்கு என்ன சீர் வருதுன்னு பாக்க ஆசை இருக்காதா? பாவம், அந்த சலோத்தம்மா. பொண்ணைப் பெத்தவ. தெரியாத ஊருக்கு வந்திருக்கா. அம்புட்டுப் பேரு பாக்க இதைத் தூக்கிக்கிட்டு மேடை ஏறினா சிரிச்சிர மாட்டாகளா? அவ மானம் போனா என் மருமக மானமும்லா போவும்.

— அதனால?

— எம் புள்ளைக்குன்னு நான் பத்தமடையில நெய்ஞ்சு வாங்கின பட்டுப்பாய் இருந்துச்சு. அதை அவுக மூட்டைக்குள்ள வச்சுக் கட்டிட்டேன். இதை எடுத்துட்டேன்.

— எடுத்து?

— சிமெண்டுத் தரையில உங்களுக்கு மூட்டு வலிக்குமேன்னு…

— புரியுது. கிழிஞ்ச பாய். சபையில வச்சா மானம் போற பாய். இதுக்கு ஏத்த ஆளு யாருன்னு யோசிச்ச. நான் ஞாபகத்துக்கு வந்தன்.

— சத்தியமா அப்படி இல்ல மதினி! வெறுந்தரையில ஒக்காந்திருக்கியளேன்னு மனசு கேக்காமத்தான் போட்டேன்.

— வெறுந்தரையில ஒக்கார வச்சது யாரு? அதுவும் நீதானே?

— கரியப்பன் அத்தான் சொன்னாக.

— கரியப்பன்! அவன் என் சித்தப்பன் மவன். எனக்குத் தம்பி. மூக்கு ஒழுவிக்கிட்டு நின்னவனுக்கு டவுசர் மாட்டி உட்டவ நான். அவன் இன்னிக்கு பட்டு வேட்டி கட்டிக்கினு எனக்கு எடம் காட்டறான்.

— பழைய கதையெல்லாம் பொறவு பேசுவோம். அங்க மூட்டையைப் பிரிச்சுட்டாக மதினி. நான் கதவு இடுக்குல பாத்தேன். பட்டுப்பாயைக் கண்டதும் அந்தம்மா முழிச்சா. தடவிப் பாத்தா. மகளைக் கூப்பிட்டு என்னமோ கேட்டா. பொறவு அப்படியே கீழ ஒக்காந்துட்டா. நாயனக்காரன்கூட நிறுத்திட்டான். இந்தப் பாயை நான் எப்படியாவது அங்கன கொண்டு சேர்த்திரணும்.

— ஓகோ. இப்ப இது பெரிய பாயா ஆயிடுச்சு.

— ஆமா. எந்திரிங்க.

— மாட்டன்.

— என்ன மதினி?

— மாட்டன்னேன். எனக்குன்னு போட்டது இது. கெட்டதுன்னு நெனைச்சுப் போட்ட. நல்லதுன்னு தெரிஞ்சதும் புடுங்க வர. அது ஆவாது. எந்திரிக்க மாட்டன்.

— வெளையாடுற நேரமா இது?

— நான் எங்க வெளையாடறன்? வெளையாடறதுக்கு முட்டி எங்க இருக்குது? இந்தப் பாய் வேணும்னா ஒண்ணு செய்யி. மொத வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடு. மெத்தை பேடா, வேணாம். இரும்பு நாற்காலியே போதும். என் தம்பி மவன் தாலி கட்டறதை நான் கண்ணால பாக்கணும். கூட்டிக்கினு போயி ஒக்கார வை, பாயைக் கையில குடுத்துடறன்.

— அது முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

— ஏன் முடியாது? என் வாயால சொல்ல மாட்டன். நீ சொல்லு.

— மதினி…

— சொல்லு காளியம்மா. ‘தாலி அறுத்தவ எதிர்ல ஒக்காரக் கூடாது’ன்னு சொல்லு. நாக்கு கூசுதா? அஞ்செட்டியில புருசனைப் பொதைச்சுட்டு ஒரு துணிப் பையோட இந்த ஊருக்கு வந்தன். மூணு வருசம் கழிச்சு இளம்பரிதி பொறந்தான். கம்பெனி பஸ்ஸு ஆரன் அடிக்கும்; நீ அவனை என் மடியில போட்டுட்டு ஓடுவ. ரெண்டாவது ஷிஃப்டு முடிஞ்சு வந்து தூங்கற புள்ளையைத் தூக்கிக்கினு போவ. அப்ப நான் அறுத்தவ இல்லையா? அன்னிக்கு ஒட்டாத தோசம் இன்னிக்கு எங்கேருந்து வந்து ஒட்டுச்சு?

— யாரு இல்லைன்னா? நீங்க இல்லாட்டி அவன் இல்ல.

— அப்புறம் ரோஜாப் பண்ணையில முள்ளு சீவிச் சீவி இந்த முட்டி போச்சு. ஓசூர்ல நடக்கற பாதிக் கல்யாணத்துக்கு நான் வெட்டின பூவு போச்சு. பூவு மேடை ஏறலாம். வெட்டினவ ஏறக் கூடாது. இன்னா ஞாயம்டி இது?

— ஞாயத்தை என்கிட்ட கேக்காதிய! நான் மட்டும் மேடையில நிக்கேனா? சொல்லுங்க, நிக்கேனா? உங்க தம்பி செத்துப் போயி ரெண்டு வருசம் ஆவுது. பத்து மாசம் சொமந்தவ நான். கரியப்பன் அத்தானும் அவுக பொஞ்சாதியும்தான் பெத்தவங்க மாதிரி மணையில ஒக்காந்து தாரை வாங்குதாக. எனக்குச் சமையக்கட்டுக் கதவு இடுக்கு. என் புள்ளை கல்யாணத்தை நான் திருட்டுத்தனமா எட்டிப் பாக்கேன். உங்களுக்காவது ஒக்காரப் பாய் இருக்கு. எனக்கு அதுவும் இல்ல.

— அப்படி ஆகிப் போச்சா? அந்தக் கரியப்பன் உன்னையும் ஓரங்கட்டிட்டானா? என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீங்க சண்டைக்கு நிப்பிய. கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன்.

— நீ மூடிக்கோ. உன் வாய் உன்னது. என் வாயையும் சேத்து ஏன் மூடற? அவன் உன்னைக் குனியச் சொன்னான், குனிஞ்ச. குனிஞ்ச கையோட என் தலையையும் புடிச்சு அழுத்தற.

— அம்மா! இங்கயா இருக்க? ஹால் பூரா தேடிட்டேன். சலோத்தே ஆன்ட்டி இன்னும் எழுந்திரிக்கல. ஓஃபா அழுதுட்டா. அண்ணன், ‘பாய் வராம தாலி கட்ட மாட்டேன்’னு மாலையைக் கழட்டி வச்சுட்டான். கரியப்பன் பெரியப்பா முகூர்த்தம் போகுதுன்னு ஒரே சத்தம். மூட்டையில இருந்த பாய் எங்க போச்சு, யாருக்காவது… ஐயோ! அத்தை! நீ ஒக்காந்திருக்கறது…

— அதேதான் கண்ணு.

— அத்தை, உனக்கு இது என்னன்னு தெரியுமா? இது அவங்க அம்மாவோட அம்மா காலத்துல நெய்தது. தாழை மடலைக் கடல் தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, நூலு மாதிரி கிழிச்சு நெய்வாங்களாம். தொட்டுப் பாரு, புடவை மாதிரி மெத்துன்னு இருக்கும். எத்தனையோ கல்யாணத்துலயும் சாவுலயும் இடுப்புல சுத்திக் கட்டினது. பழசு ஆக ஆகத்தான் இதுக்கு மதிப்பு. புதுசை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ஒவ்வொரு ஒட்டும் யார் போட்டதுன்னு பேர் சொல்லுவாங்க.

— கேட்டியா காளியம்மா? ஒட்டுப் போட்டாத்தான் மதிப்பாம். என் ரவிக்கையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம்.

— ஜோக் அடிக்கற நேரமா அத்தை? ப்ளீஸ். நான் எதாவது சொல்லி மேனேஜ் பண்ணிக்கறேன். தெரியாம கழுவப் போட்டுட்டாங்கன்னு சொல்றேன். வாடகைச் சாமானோட கலந்துடுச்சுன்னு சொல்றேன்.

— பொய்யி பேடா. நீ கம்பெனியில ஆளு எடுக்கறவ, இங்கிலீஷு நல்லா பேசுவ. உள்ளது உள்ளபடி சொல்லு. மாப்பிள்ளையோட அத்தை, புருசன் செத்தவ, சாமான் ரூம்ல இந்தப் பாய் மேல ஒக்காந்திருக்கறா. எந்திரிக்க மாட்டேங்கறா. அவ்ளோதான். ஒரு சொல்லு கூட்டாத, ஒரு சொல்லு கொறைக்காத.

— ஏட்டி அனு, போவாத! நில்லுட்டி!

— போ கண்ணு.

— போயிட்டா. ஐயோ, போயிட்டாளே! மதினி, என்ன காரியம் செஞ்சிட்டிய! அவுக உசுரா வச்சிருக்க பாயில ஒரு அறுத்தவ ஒக்காந்துட்டான்னு தெரிஞ்சா, பொண்ணைக் கையில புடிச்சுக்கிட்டு அடுத்த ப்ளேனைப் புடிச்சிருவாக.

— புடிக்கட்டும். நான் ஒக்காந்தா கெட்டுப் போற பாய்னா, அந்தப் பாய்ல என் புள்ளை ஒக்கார பேடா. நான் ஒக்காந்தா முறியற சம்பந்தம்னா, இப்பவே முறியட்டும்.

— கல்லு நெஞ்சு உங்களுக்கு.

— கல்லா இருந்தா நெஞ்சு மட்டும் ஏன்? முட்டியும் கல்லா இருந்திருக்கலாம். ஏய், ஏய், பாயை இழுக்காத! நைஞ்ச பாய். கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?

— உங்க கால்ல விழுதேன் மதினி.

— விழு. ஆசீர்வாதம் பண்றன். எந்திரிக்க மாட்டன்.

— நான் உங்களுக்கு என்ன கொறை வச்சேன்? வீட்டை விட்டுப் போங்கன்னு சொன்னேனா? ஒரு வேளை சோறு தனியா போட்டேனா?

— போடல. நல்லவதான் நீ. வீட்ல என்னை நல்லாத்தான் வச்சிருந்த. கதவைத் தாண்டினாத்தான் உனக்கு நான் யாருன்னு மறந்துடுது. இளம்பரிதிக்குப் பேர் வச்சப்ப, மொட்டை போட்டப்ப, அனு வயசுக்கு வந்தப்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான் ரூம். ஒவ்வொரு தடவையும், ‘இந்தத் தடவை போவட்டும்’னு இருந்துட்டன். இது கடைசிக் கல்யாணம். அனு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறன்னு சொல்லிட்டா. இனி எனக்கு விட்டுக் குடுக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. அதான் ஒக்காந்துட்டன்.

— அவ வாரா. காலடிச் சத்தம் கேக்கு. தெய்வமே.

— மூச்சு உடு காளியம்மா. வரட்டும்.

— சொல்லிட்டேன். நீ சொன்னபடியே சொல்லிட்டேன் அத்தை.

— என்ன சொன்னா? கிளம்புதாளா? சொல்லேன்டி!

— கேட்டாங்க: ‘அப்பாவோட கூடப் பிறந்தவங்களா?’ ஆமான்னேன். ‘அவரைவிட மூத்தவங்களா?’ ஆமான்னேன். ‘உசுரோடதான் இருக்காங்களா?’ன்னு கேட்டாங்கம்மா. ஆமா, உள்ள இருக்காங்கன்னேன். உடனே எழுந்துட்டாங்க. அவங்க கூட வந்தவங்க எல்லாரும் எழுந்துட்டாங்க.

— கோவத்துலயா?

— இல்லம்மா. சந்தோசத்துல. சலோத்தே ஆன்ட்டி அப்படிக் கீழ ஒக்காந்தது பாய் காணாமப் போனதுக்கு மட்டும் இல்ல. மேடையில கண்ணாலேயே அத்தையைத் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. யாரும் காட்டலைன்னதும், மாப்பிள்ளைக்கு அத்தையே இல்ல போலன்னு நெனைச்சுட்டாங்க.

— என்னைத் தேடினாங்களா? எதுக்கு?

— அவங்க வழக்கத்துல, அப்பாவோட அக்காதான் வீட்டுக்கே ஒசந்தவங்க. ஆம்பளைங்களுக்கும் மேல. அதுக்கு ஃபஹூன்னு பேராம். கல்யாணத்துல இருக்கறதுலயே நல்ல பாயை விரிச்சு, முதல்ல அவங்களைத்தான் ஒக்கார வைப்பாங்க. அப்புறம்தான் மத்த சடங்கெல்லாம். இந்தப் பாயை அவங்க மேடைக்குக் கொண்டாரல அத்தை. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொண்டாரல. உனக்குக் கொண்டாந்தது.

— எனக்கு.

— உனக்குத்தான். ‘அவங்க அது மேல ஏற்கெனவே ஒக்காந்துட்டாங்கன்னா, விரிச்சுக் குடுத்த புண்ணியவதி யாரு?’ன்னு கேக்கறாங்க. அம்மா, நீதான்னு சொன்னேன். உன்னைக் கட்டிப் புடிக்கணுமாம்.

— என்னையா? நானா? ஐயையோ.

— இன்னொண்ணு அம்மா. நான் அண்ணன்கிட்ட, ‘அத்தையை ஏன்டா முன்னாடி கூப்பிடல’ன்னு சண்டை போட்டேன். ‘முட்டி வலி, நான் வரலைன்னு அத்தையே சொல்லிட்டாங்களாமே’ங்கறான். யார் சொன்னதுன்னு கேட்டேன். சமையக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

— …அவன் கேட்டான் மதினி. ‘அத்தை எங்கம்மா, அத்தை எங்கம்மா’ன்னு வந்ததுலேருந்து கேட்டான். எனக்கு வேற சொல்லத் தெரியல.

— முட்டி வலி நெசம்தானே. போவட்டும் விடு. கேட்டானா? வந்ததுலேருந்தா கேட்டான்?

— நூறு தடவை கேட்டான்.

— சரி. அது போதும்.

— அத்தை, வா. கையைக் குடு. மேடைக்குப் போலாம். ஆன்ட்டி ரெண்டு பக்கமும் ஆளு விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்றாங்க. ஆனா ஒரு பிரச்சனை இருக்கு. பெரியப்பா மைக்கைப் புடிச்சுட்டார். உன்னை மேடை ஏத்தினா அவர் கீழ எறங்கிடுவாராம். மண்டபத்தை விட்டே போயிடுவாராம்.

— அவன் எறங்க பேடா.

— அப்ப நீ வரலையா?

— மாட்டன். கரியப்பன் ‘சரி’ன்னு தலையாட்டி ஏறற மேடை எனக்கு எதுக்கு? கண்ணு, அவங்க முறையை மறுபடி சொல்லு. மொதல்ல யாரு ஒக்காரணும்?

— நீ.

— நல்ல பாய்ல?

— ஆமா. நல்ல பாய்ல.

— ஒக்காந்துட்டன். அப்புறம்?

— அப்புறம்தான் மத்ததெல்லாம்.

— அவ்ளோதான். மத்ததெல்லாம் இங்க கொண்டாங்க.

— இங்கயா! சாமான் ரூமுக்கா?

— ஐயரு, மணை, தாலித் தட்டு, பொண்ணு, புள்ளை, நாயனம். எல்லாம். என்னை எங்க ஒக்கார வச்சீங்களோ அங்கதான் நான் இருப்பன். கல்யாணம் என்னைத் தேடி வரட்டும்.

— அத்தை, இது சேஃப்டி பிரச்சனை! கேஸ் சிலிண்டர் வச்சிருக்கற ரூம்ல ஹோமம் வளர்க்கக் கூடாது. எங்க கம்பெனியில இப்படி யாராவது செஞ்சா நான்தான் மெமோ குடுப்பேன்.

— வெங்கடப்பா! கேட்டியா? சிலிண்டரையெல்லாம் கொல்லைப் பக்கம் உருட்டிடு. வெங்காய மூட்டை இருக்கட்டும், அது ஒண்ணும் பண்ணாது.

— மதினி, சனம் என்ன சொல்லும்? முந்நூறு பேரு சாமான் ரூமுக்குள்ள எப்படி வருவாக?

— கதவு இடுக்குல நின்னு பாக்கட்டும். நீ பாக்கல? எல்லாத்தையும் வெவரமா பாத்துட்டு வந்து சொன்னியே.

— எம்மா! நாக்கா அது?

— அனு, இன்னொண்ணு கேட்டுக்கறன். அந்த ஃபஹூ ஏதாவது சொன்னா, புள்ளை வீட்டுக்காரங்க கேட்டுக்கணுமா? இல்ல, சும்மா பாய்ல ஒக்கார வச்சு சோறு போட்டு அனுப்பிடுவாங்களா?

— கேட்டே ஆகணுமாம். அவங்க வார்த்தைக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்களாம். ஆன்ட்டி அதை ரெண்டு தடவை சொன்னாங்க.

— நல்ல ஊரு. காளியம்மா, இங்க வா.

— வந்துதானே நிக்கேன்.

— நிக்காத. ஒக்காரு.

— எங்கன?

— இங்க, என் பக்கத்துல. பாய் மேல. நான் நகந்துக்கறன்.

— நானா? அந்தப் பாயிலயா? மதினி, நானும் அறுத்தவ.

— நான் மட்டும் இன்னா, சுமங்கலியா? ஒக்காரு.

— அத்தான் பாத்தா…

— பாக்கட்டும். இளம்பரிதியைப் பெத்தவ நீ. தாரை உன் கையிலதான் விழணும். கரியப்பன் கையில இல்ல. நான் சொல்றன். மறுத்துப் பேசக் கூடாதுன்னு இப்பதான் உன் மவ சொன்னா.

— அம்மா, ஒக்காரும்மா. அவங்க எல்லாரும் சமையக்கட்டுக்குள்ள வந்துட்டாங்க. அண்ணன் முன்னாடி வரான், மாலையை மறுபடி போட்டுட்டான்.

— தலையெல்லாம் கலைஞ்சு கெடக்கே எனக்கு. வேர்வை வேற.

— கலைஞ்சா கலைஞ்சது. இந்தப் பாய்க்குப் பழசுதான் மதிப்பாம், கவலைப்படாத. ஆங், அப்படி ஒக்காரு. முதுகை நிமித்து. கதவைப் பாத்து ஒக்காரு. யாரு வந்தாலும் நீ எந்திரிக்கக் கூடாது.

— மெத்துன்னு இருக்கு மதினி.

— காலையிலயே எனக்குத் தெரியும். சொன்னா எடுத்துக்கினு போயிடுவன்னு சொல்லல. அனு! உங்கம்மா வாங்கின பட்டுப்பாய் மேடையில அனாதையா கெடக்குது பாரு, அதைக் கொண்டா. நமக்கு எதிர்ல விரி. புள்ளைங்க ரெண்டு பேரும் அதுல ஒக்காரட்டும். அவங்க பேர் போட்டு நெய்தது, அவங்களுக்குத்தான் சேரணும்.

— சரி அத்தை. பெரியப்பாவும் பின்னாடியே வந்துட்டு இருக்கார். மூஞ்சியே சரியில்ல. அவருக்கு என்ன பாய் போடறது?

— தரை இருக்குதே கண்ணு. முட்டி வலிச்சா சொல்லச் சொல்லு.

முடிவில் நடந்தவை இவை. எரிவாயு உருளைகள் அப்புறப்படுத்தப்பட்டன. குறித்த முகூர்த்தத்திலேயே தாலி கட்டும் சடங்கு சாமான் அறையில் நடைபெற்றது. தோங்காப் பாயில் சென்னம்மாவும் காளியம்மாளும் அமர்ந்தனர். பத்தமடைப் பாயில் மணமக்கள் அமர்ந்தனர். சலோத்தே வார்த்த தாரையைக் காளியம்மாள் பெற்றுக்கொண்டார். தாலித் தட்டை முதலில் தொட்டு ஆசி கூறியவர் சென்னம்மா. கரியப்பன் மண்டபத்தை விட்டுப் போகவில்லை, தரையிலும் அமரவில்லை, கதவு இடுக்கில் நின்று அட்சதை தூவினார். அலங்கரித்த மணமேடையில் அதன்பின் அன்று யாரும் ஏறவில்லை.